பள்ளிப் பிள்ளைகள் எழுப்பிய வினா
(மாவோரியர் போர்க்களங்கள் வழியே ஒரு வரலாற்றுப் பயணம்)

ஆண்டுதோறும் நம் குடியிருப்புப் பிள்ளைகள் ஆசிரியர் துணையுடன் பேருந்தேறிப் பழைய கோட்டைகளையும் கல்வெட்டுகளையும் காணச் செல்வதுண்டு. கட்டுச்சோற்றுடன் விடியலில் புறப்பட்டு, அந்தி சாயும் வேளையில் களைத்துத் திரும்பும் அவர்களிடம், "என்ன கண்டீர்கள்?" என வினவினால், "கோட்டை பெரிது, குரங்குகள் மிகுதி" என்னும் விடையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பெற்றோராகிய நாமும் அதற்குமேல் கேட்பதில்லை. ஆனால் தென்கடலின் கோடியிலுள்ள நியூசிலாந்து நாட்டில், ஒரு பள்ளியின் மாணவர்கள் இவ்வாறே போர்க்களங்களைக் கண்டு திரும்பியபின் ஒரு வினாவை எழுப்பினர். அவ்வினா வீட்டோடும் வகுப்பறையோடும் நிற்கவில்லை. நாடாளுமன்றத்தின் வாயிலை எட்டிற்று. நாட்டின் பாடத்திட்டத்தையே மாற்றத் துணைபுரிந்தது. அந்த வரலாற்றை நம் சங்கத்து ஆண்டு விழா மலர் வாயிலாக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

தமிழ் மணியும் ஓர் உடன்படிக்கையும்

நியூசிலாந்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். வெலிங்டன் நகரத்து அருங்காட்சியகத்தில் வெண்கல மணியொன்று உள்ளது. அது விளிம்பு உடைந்த ஒரு கப்பல் மணி. அதன்மேல் தமிழ் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. முகைதீன் பக்சு என்பாருடைய கப்பலின் மணி என்பது அவ்வெழுத்துகளின் பொருள். வில்லியம் கோலன்சோ என்னும் கிறித்தவ சமயப் பணியாளர் ஏறத்தாழ 1836-ஆம் ஆண்டில் வட நியூசிலாந்தில் இதனைக் கண்டபோது, மாவோரி மக்கள் இதைக் கவிழ்த்து வைத்து உருளைக்கிழங்கு வேகவைக்கும் கலமாகப் பயன்படுத்தி வந்தனராம். புயலில் சாய்ந்த பெருமரம் ஒன்றன் வேரடியில் கிடைத்தது என்று அவர்கள் கூறினர். அம்மணி எக்காலத்தில், எவ்வாறு அக்கரை சேர்ந்தது என்பது இன்றளவும் தீராத புதிராகவே உள்ளது.

இதே கோலன்சோ மற்றொரு வகையிலும் வரலாற்றில் இடம்பெற்றவர். 1840 பிப்ரவரி 6-ஆம் நாள் வைட்டாங்கி என்னுமிடத்தில் ஆங்கில அரசின் சார்பில் ஹாப்சன் என்பாரும் மாவோரித் தலைவர்களும் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். அதன் மாவோரி வடிவத்தை அச்சிட்டவர் கோலன்சோவே. ஒப்பமிடும் வேளையில் அவர் எழுந்து, இதன் பொருளைத் தலைவர்கள் முற்றும் உணர்ந்தனரா என்று ஹாப்சனை வினவினார். அவ்வினா ஏற்றுக்கொள்ளப்படவில்லை. ஆங்கில வடிவமோ நாட்டின் இறைமையை அரசிக்கு அளிப்பதாகக் கூறிற்று. மாவோரி வடிவமோ ஆளுகையை மட்டும் அளித்து, நிலத்தின்மீதும் ஊர்களின்மீதும் தலைவர்களுக்குள்ள முழு உரிமை நிலைத்திருக்கும் என்றது. ஒரே தாளின் இரு மொழிகளுக்கு இடையே இருந்த இந்த வேறுபாடே பின்னாளில் மூண்ட போர்களுக்கு வித்தாயிற்று எனலாம்.

பா என்னும் அரண்

நாம் 'பா' என்றால் செய்யுளை நினைப்போம். மாவோரி மொழியில் 'பா' என்பது அரண். அரண் எனத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரின் நூலைப் பயிலும் நமக்கு, அம்மக்களின் அரண்கள் வியப்பளிக்கத் தக்கன. கல்லும் சுதையும் கொண்டு எழுப்பிய கோட்டைகள் அல்ல அவை. மண்ணும் மரமும் நாருமே அவற்றின் உறுப்புகள். பருத்த மரக்கம்பங்களை நெருக்கமாக நட்டு வேலியமைப்பர். அதன் வெளிப்புறத்தே ஒருவகை நார்ச்செடியின் பச்சை இலைகளைத் திரையாகத் தொங்கவிடுவர். அது குண்டின் விசையைத் தணிக்கும். உள்ளே நேர்ந்த சேதத்தைப் பகைவர் கண்ணிலிருந்து மறைக்கும். வேலிக்குப் பின்னே வளைந்து வளைந்து செல்லும் பதுங்கு குழிகளும், அவற்றின் அடியில் மேற்கூரை மூடிய நிலவறைகளும் இருக்கும். பீரங்கிகள் நாள் முழுதும் முழங்கினாலும் வீரர் நிலவறைக்குள் அமர்ந்திருந்து, காலாட்படை நெருங்கியதும் குழிக்கு வந்து சுடுவர். உலகின் பல கண்டங்களிலும் போரிட்டுத் தேர்ந்த ஆங்கிலப் படை, இவ்வரண்களின்முன் பலமுறை தடுமாறியது.

வடக்கே முதற்போர்

மாணவர் ஒருவர் வடக்கிலிருந்து தம் பயணத்தைத் தொடங்குவாராயின், முதலில் காண்பது கொரோராரேக்கா என்னும் கடற்கரை ஊர். இன்று அதற்கு ரசல் என்று பெயர். அங்கு 1836-இல் எழுந்த மாதா கோயிலின் மரச்சுவர்களில் துப்பாக்கிக் குண்டு துளைத்த தழும்புகளை இன்றும் காணலாம். ஊருக்கு மேலுள்ள குன்றில் ஆங்கிலக் கொடி பறந்த கம்பத்தை ஹோனே ஹெக்கே என்னும் தலைவர் நான்கு முறை வெட்டி வீழ்த்தச் செய்தார். வைட்டாங்கி உடன்படிக்கையில் ஒப்பமிட்டோருள் அவரும் ஒருவர் என்பது கருதத்தக்கது. அளித்த வாக்கு காக்கப்படவில்லை என்பதே அவர் மனத்தாங்கல். 1845 மார்ச்சு 11-இல் கம்பம் நான்காம் முறை வீழ்ந்தபோது போர் மூண்டது.

அப்போர் முடிந்த இடம் ருவாபேக்காபேக்கா. 'வௌவால் கூடு' என்பது அப்பெயரின் பொருள். கவிட்டி என்னும் முதுபெருந் தலைவர் காட்டிடையே அவ்வரணை அமைத்தார். 1846 சனவரியில் ஆங்கிலப் படை பெரும் பீரங்கிகளை மலைப்பாதையில் இழுத்துச் சென்று அதனைத் தாக்கியது. ஆங்கிலேயருக்குத் துணையாக மாவோரியரும் சிலர் போரிட்டனர் என்பதை மறைத்தல் தகாது. குடிகளுக்குள் இருந்த பழம்பகையும், வணிக நன்மையும், வருங்காலத்தைப் பற்றிய கருத்து வேறுபாடும் அதற்குக் காரணங்கள். அரண் வீழ்ந்தது, ஆயினும் கவிட்டியும் வீரரும் பிடிபடாமல் அகன்றனர். அக்குழிகளும் மேடுகளும் உடைந்த பீரங்கி ஒன்றும் புல்வெளியில் இன்றும் எஞ்சியுள்ளன.

வைகாட்டோப் படையெடுப்பு

1850-களில் குடியேறிகள் பெருகினர். நிலத்தின் மீது வேட்கை மிகுந்தது. சிதறிக் கிடந்த மாவோரிக் குடிகள் தமக்கென ஓர் அரசனைக் கொண்டாலன்றி நிலம் தங்காது எனக் கருதி, 1858-இல் போட்டாட்டாவு தே பெரோபெரோ என்னும் முதியவரை அரசராக ஏற்றனர். ஆங்கில ஆளுநர் கிரே இதனை ஆட்சிக்கு அறைகூவலாகக் கொண்டார். ஆக்லாந்திலிருந்து தெற்கு நோக்கிப் படைச்சாலை அமைக்கப்பட்டது. 1863 சூலை 12-இல் தளபதி கேமரன் மாங்கடாபிரி என்னும் சிற்றாற்றைக் கடந்தார். அரசரின் எல்லையாகக் கருதப்பட்ட ஆறு அது.

அவ்வாண்டு நவம்பர் 20-இல் ரங்கிரிரியில் பெரும்போர் நிகழ்ந்தது. ஆற்றுக்கும் ஏரிக்கும் இடையே நீண்ட அகழி தோண்டி மாவோரியர் வழிமறித்தனர். ஆற்றில் பீரங்கிப் படகுகள் வந்தன. தரையில் படை மீண்டும் மீண்டும் பாய்ந்தது. அன்று அரண் வீழவில்லை. மறுநாட் காலையில் அரணில் வெள்ளைக்கொடி ஏறியது. பேச்சுவார்த்தைக்கென ஏற்றினோம் என்பது மாவோரியர் கூற்று; சரணடைந்தனர் என்பது ஆங்கிலேயர் கூற்று. 180-க்கு மேற்பட்டோர் சிறைப்பட்டுக் கப்பலொன்றில் அடைக்கப்பட்டனர். பின்னர்த் தீவொன்றுக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர்கள் 1864 செப்டம்பரில் அங்கிருந்து தப்பினர். ரங்கிரிரி அரணின் ஊடாகவே பிற்காலத்தில் நெடுஞ்சாலை போடப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தபின், அண்மைக்காலத்தில் புதிய விரைவுச்சாலை அமைத்தபோதுதான் போக்குவரத்து விலக்கப்பட்டு, அகழியின் வடிவம் மீட்கப்பட்டது.

எரிந்த சிற்றூர்

ரங்கியாவோஃபியா என்னும் ஊரைப் பற்றி எழுதும்போது கை சற்றே தயங்குகிறது. கோதுமை வயல்களும், மாவு ஆலைகளும், குழிப்பேரித் தோட்டங்களும் நிறைந்த செழிப்பான ஊர் அது. அங்கு விளைந்த தானியம் ஆக்லாந்துச் சந்தை வரை சென்றது. போர்வீரர் அனைவரும் பாட்டேராங்கி என்னும் பேரரணில் காத்திருக்க, முதியோரும் பெண்டிரும் குழந்தைகளும் இவ்வூரில் தங்கியிருந்தனர். 1864 பிப்ரவரி 20-ஆம் நாள் இரவில் கேமரனின் படை அப்பேரரணை ஓசையின்றிச் சுற்றிக் கடந்து, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஊருக்குள் புகுந்தது. வீடொன்று தீப்பற்றியது, உள்ளிருந்தோர் சிலர் மாண்டனர். கைகளை உயர்த்தி வெளிவந்த முதியவர் ஒருவர், சுடவேண்டா எனக் கட்டளை எழுந்தும், சுட்டு வீழ்த்தப்பட்டார். ஆங்கிலேயர் குறிப்பில் மாண்டோர் 12 பேர். மாவோரிக் குடும்பங்களின் நினைவில் அத்தொகை இதனினும் பன்மடங்கு. அவ்வூரின் மாதா கோயில் மட்டும் பசும்புல் வெளியில் இன்றும் தனித்து நிற்கிறது.

ஓராக்காவு: மூன்று பகலும் ஒரு மறுமொழியும்

ஐந்து வாரங்களுக்கு மேல் கழிந்தன. 1864 மார்ச்சு 31-இல் ஓராக்காவு என்னுமிடத்தில், இன்னும் கட்டி முடியாத ஓர் அரணுக்குள் ஏறத்தாழ 300 பேர் இருந்தனர். அவர்களுள் பெண்களும் சிறுவரும் பலர். ரேவி மனியாபோட்டோ அவர்களின் தலைவர். சூழ்ந்து நின்ற படையோ ஆயிரத்திற்கும் மேற்பட்டது. நம் முன்னோர் மதிலை முற்றுவதை உழிஞை என்றும், மதிலைக் காத்து நிற்பதை நொச்சி என்றும் வகுத்தனர். ஓராக்காவில் நிகழ்ந்தது நொச்சிப் போர் என்றே கூறலாம்.

முதல்நாள் மூன்று பாய்ச்சல்களும் முறியடிக்கப்பட்டன. பின்னர் ஆங்கிலப் படை அரணை நோக்கிக் குழி தோண்டி முன்னேறியது. உள்ளே தண்ணீர் தீர்ந்தது. வேகாத உருளைக்கிழங்கு வறண்ட தொண்டையில் இறங்கவில்லை. ஈயக்குண்டும் குறையவே, மரத்துண்டுகளைச் செதுக்கிக் குண்டாக இட்டுச் சுட்டனர். மூன்றாம் நாள், ஏப்ரல் 2-இல், சரணடையுமாறு தளபதி ஆள் அனுப்பினார். என்றென்றும் போரிடுவோம் என்பதே மறுமொழியாக வந்தது. பெண்டிரையும் பிள்ளைகளையுமேனும் வெளியே அனுப்புக என்று மீண்டும் கேட்டபோது, ஆடவர் மாளின் தாங்களும் உடன் மாள்வதாக ஒரு பெண்மணி விடையிறுத்தார். அகுமாய் தே பாயராட்டா என்பது அவர் பெயர். அன்று பிற்பகல் அவர்கள் அனைவரும் ஒரே திரளாக அரணைவிட்டு வெளியேறி, படை வரிசையைக் கிழித்துக்கொண்டு பூனியு ஆற்றை நோக்கி விரைந்தனர். குதிரைப்படை துரத்தியது. ஏறத்தாழ 150 பேர் உயிரிழந்தனர். அகுமாய் பல காயங்களுடன் உயிர் பிழைத்தார்.

அப்போர்க்களத்தின் ஊடே இன்று ஒரு சாலை செல்கிறது. ஐம்பதாம் ஆண்டான 1914-இல் நாட்டிய நினைவுக்கல் சாலையோரத்தில் உள்ளது. நடுகல் மரபு நம்முடையது. ஆயினும் கல்லை நட்டவர் யார், எவரை நினைத்து நட்டனர் என்னும் வினா எந்நாட்டுக்கும் பொதுவன்றோ?

பகைவர்க்கு நீர் அளித்த பெண்

அம்மாதமே 29-ஆம் நாள், கிழக்குக் கரையிலுள்ள தவுரங்கா நகரருகே கேட் பா என்னும் அரணைக் கேமரன் தாக்கினார். அவரிடம் 1,700 வீரர். அரணுக்குள் ஏறத்தாழ 230 பேர். நாளெல்லாம் பீரங்கி முழங்கிற்று. சுவர் உடைந்தபின் உட்புகுந்த படை, எதிர்பாராத குழிகளிலிருந்து எழுந்த சூட்டில் நிலைகுலைந்து ஓடியது. ஆங்கிலேயர் 30-க்கு மேற்பட்டோர் இறந்தனர். முன்னணியில் பாய்ந்து பேரிழப்புற்றது 43-ஆம் காலாட்படைப் பிரிவு. நம் நாட்டோடு தொடர்புடையது அப்பிரிவு. 1857-58-ஆம் ஆண்டுகளின் பெருங்கிளர்ச்சியை ஒடுக்குதற்குப் பெங்களூரிலிருந்து மத்திய இந்தியா வழியே நெடுந்தொலைவு நடந்து சென்றதும், 1863-இல் இந்தியாவிலிருந்தே நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டதும் அதுவே. ஒரே பேரரசின் ஒரே வாள் இரு நாடுகளிலும் வீசப்பட்டது.

அன்றிரவு அரணுக்குள் காயமுற்றுக் கிடந்த ஆங்கில வீரர் தாகத்தால் முனகினர். ஹேனி தே கிரி கராமு என்னும் மாவோரிப் பெண், குண்டுக்கும் அஞ்சாது நீர் கொணர்ந்து அவர்களுக்கு அளித்தார். போரில் நிராயுதபாணிகளையும் காயமுற்றோரையும் துன்புறுத்தலாகாது என்னும் நெறிகளை மாவோரியர் முன்னரே எழுத்தில் வகுத்து ஆங்கிலேயருக்கு அறிவித்திருந்தனர். அந்நெறிகளை எழுதியவராகக் கூறப்படும் ஹேனாரே தாராடோவாவும், தலைவர் ராவிரி புஹிராக்கேயும், அடுத்த சூன் 21-இல் தே ராங்காப் போரில் மாண்டனர். இன்று கேட் பா நகரத்தின் நடுவே உள்ளது. அதனருகே செல்லும் பெருஞ்சாலைக்குப் பெயர் கேமரன் சாலை. தோற்றுத் திரும்பிய தளபதியின் பெயர் சாலைக்கு வாய்த்தது!

நிலமும் நினைவும்

போருக்குப்பின் வந்தது பறிமுதல். 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வைகாட்டோவில் மட்டும் 12 இலட்சம் ஏக்கர் நிலம் பறிக்கப்பட்டது. மேற்கே பாரிஹாக்கா என்னும் ஊரில் தே விட்டி, தோஹு என்னும் இருவர் ஆயுதம் ஏந்தாமல் எதிர்த்தனர். நிலம் அளக்க நட்ட முளைகளைப் பிடுங்கினர். பறிக்கப்பட்ட நிலத்தை உழுதனர். 1881 நவம்பர் 5-இல் 1,600 வீரர் அவ்வூரைச் சூழ்ந்தபோது, வாயிலில் பாடியவாறு அமர்ந்திருந்த சிறுவர்களே படையை எதிர்கொண்டனர். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் அறப்போர் தொடங்கியதற்கு 25 ஆண்டுகள் முற்பட்ட நிகழ்ச்சி இது.

இழப்பை ஒருவாறு ஒப்புக்கொள்ள நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1995 நவம்பர் 3-இல் எலிசபெத் அரசியார் வெலிங்டனில் வைகாட்டோத் தீர்வுச் சட்டத்தில் தம் கையாலேயே ஒப்பமிட்டார். மன்னிப்புரையும் அச்சட்டத்தில் அடங்கியது. 17 கோடி நியூசிலாந்து டாலர் மதிப்புள்ள ஈடும் வழங்கப்பட்டது.

மாணவர் எழுப்பிய வினா

இத்துணை நிகழ்ந்தும், பெரும்பாலான நியூசிலாந்துப் பிள்ளைகள் இவற்றை அறியாமலே வளர்ந்தனர். சொந்த நாட்டுப் போர்களைக் கற்பிப்பது பள்ளிகளின் விருப்பத்திற்கு விடப்பட்டிருந்தது. தொலைநாட்டு மன்னர்களின் வரலாறு படித்தோர் பலர். தம் ஊர்ச் சாலைக்கு அடியில் உறங்குவோரை அறிந்தோர் சிலர்.

ஓராக்காவுப் போரின் 150-ஆம் ஆண்டாகிய 2014-இல் ஓட்டோரோஹங்காக் கல்லூரி என்னும் உயர்நிலைப் பள்ளியின் மாணவர், தம் ஊருக்கு அணித்தேயுள்ள ரங்கியாவோஃபியாவுக்கும் ஓராக்காவுக்கும் சென்றனர். மாண்டோரின் வழிவந்த முதியோர், அந்நிலத்தில் நின்றபடியே தம் குடும்பத்து நினைவுகளைக் கூறினர். இவ்வளவு அருகில் நிகழ்ந்தது எங்களுக்கு ஏன் கற்பிக்கப்படவில்லை என்பதே மாணவர் எழுப்பிய வினா. இளம் மாணவியர் இருவர் முன்னின்று ஒரு விண்ணப்பம் வரைந்தனர். இப்போர்களை நினைவுகூர ஒரு நாள் வேண்டும். பள்ளிகளில் இவ்வரலாறு கற்பிக்கப்பட வேண்டும் என்பன அவர்தம் கோரிக்கைகள். 12,000 பேருக்குமேல் ஒப்பமிட்ட அவ்விண்ணப்பம் 2015 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்டது. மறு ஆண்டே அரசு நினைவுநாளுக்கு இசைந்தது. 1835-இல் வடபகுதித் தலைவர்கள் தம் நாட்டின் விடுதலையைப் பறைசாற்றிய அக்டோபர் 28-ஆம் நாளே அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2019-இல் அரசு நாட்டு வரலாற்றை எல்லாப் பள்ளிகளிலும் கற்பிப்பதாக அறிவித்தது. 2023-இல் அப்பாடம் நடைமுறைக்கு வந்தது.

இம்மாணவர் எவரையும் பழிதீர்க்க எழவில்லை. வென்றவர் வழிவந்தோரும் தோற்றவர் வழிவந்தோரும் ஒரே வகுப்பில் அமர்ந்து பயில்பவர்கள். உண்மையை ஒருங்கே அறிந்தால்தான் ஒருங்கே வாழ இயலும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

பிறந்த மண்ணைவிட்டுத் தொலைவில், பிழைப்பின் பொருட்டு இக்குடியிருப்பில் வாழும் நமக்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. நம் பிள்ளைகள் இருவகை வரலாற்றுக்கு உரியவர்கள்: தாத்தா பாட்டி விட்டுவந்த ஊரின் வரலாறு ஒன்று, தாம் பிறந்து வளரும் இம்மண்ணின் வரலாறு மற்றொன்று. நம் வீடுகள் எழுந்த இவ்விடம் முன்னர் எவருடைய வயலாக இருந்தது என்று நம்மில் எத்துணைப் பேர் கேட்டிருக்கிறோம்? இவ்வட்டாரத்து முதியோரை நம் விழாவுக்கு அழைத்து, அவர் நினைவுகளைப் பிள்ளைகள் கேட்கச் செய்தல் அரிதன்று. அடுத்த முறை பள்ளிப் பேருந்து கோட்டைக்குப் போய்த் திரும்பும்போது, "என்ன கண்டாய்?" என்பதோடு நில்லாமல், "அங்கு வாழ்ந்தவர் யார்? அவர் என்ன ஆயினர்?" என்றும் வினவுவோமாக. விடை தெரியாது பிள்ளை விழிக்குமாயின் கவலையில்லை. தேடிச் சொல்கிறேன் என்று அப்பிள்ளை புறப்படுமானால், அச்சுற்றுலாவுக்குச் செலவிட்ட காசு வீண் போகவில்லை என்று மகிழலாம்.